டயாலிசிஸ் நோயாளிகளுக்கான டிஜிட்டல் கருவிகள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எடை இயந்திரம், இரத்த அழுத்தமானி, ஸ்மார்ட்வாட்ச், உணவுக் கணக்குச் செயலி, மாத்திரை நினைவூட்டி என்று கைபேசியோடு இணையும் உடல்நலக் கருவிகளில் பெரும்பாலானவை, இரண்டு சிறுநீரகங்களும் நன்றாக வேலை செய்யும் ஒருவரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பது அவருக்கு நல்ல அறிவுரை. டயாலிசிஸ் செய்துகொள்பவரை அதே அறிவுரை மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடக்கூடும். ஆகவே இந்தக் கருவிகளை வாங்கிய நிலையிலேயே பயன்படுத்தாமல், முதலில் அவற்றை உங்கள் சிகிச்சைக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டும்.

இரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்திச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலர் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்கிறார்கள். வாரத்தின் 168 மணி நேரத்தில் இது வெறும் 12 மணி நேரம். மீதமுள்ள 156 மணி நேரத்தில் உடலில் சேரும் நீர், உப்பு, பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவற்றில் பெரும்பகுதி அடுத்த அமர்வு வரை உள்ளேயே தங்கிவிடுகிறது. டிஜிட்டல் கருவிகளுக்கு உண்மையான வேலை இருப்பது இந்த இடைவெளியில்தான். பொதுச் செயலிகள் எதையும் நாள்கணக்கில் அளக்கின்றன. டயாலிசிஸ் நோயாளியோ ஓர் அமர்வின் முடிவிலிருந்து அடுத்த அமர்வின் தொடக்கம் வரையிலான காலத்தை ஓர் அலகாகக் கொள்ள வேண்டியவர். வாரத்தில் ஒருமுறை வரும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு மருத்துவமனையில் சேர்வதும் இதயம் சார்ந்த ஆபத்துகளும் கூடுதலாக இருப்பது பெரிய ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. எனவே அந்த இடைவெளியை உங்கள் நாட்காட்டியில் தனி நிறத்தில் குறித்துவைப்பது நல்ல தொடக்கமாக இருக்கும்.

1. முதலில் உங்கள் எண்களைக் கேட்டுப் பெறுங்கள்

எந்தச் செயலியையும் பதிவிறக்குவதற்கு முன், அடுத்த அமர்வின்போது மருத்துவரிடமும் செவிலியரிடமும் உணவியல் நிபுணரிடமும் கேட்டு, கைபேசியின் குறிப்பேட்டில் ஒரே பக்கமாக எழுதிக்கொள்ள வேண்டிய விவரங்கள் சில உண்டு. தற்போதைய உலர் எடை (உடலில் தேங்கிய மிகை நீர் நீங்கியபின் இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, இரண்டு அமர்வுகளுக்கு இடையே எவ்வளவு எடை கூடலாம், ஒரு நாளில் எவ்வளவு திரவம் அருந்தலாம், வீட்டில் அளக்கும் இரத்த அழுத்தம் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் டயாலிசிஸ் மையத்தை அழைக்க வேண்டும், சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ், புரதம் ஆகிய நான்கிலும் உங்களுக்கு விதிக்கப்பட்ட அளவு என்ன, டயாலிசிஸ் நாளில் எந்த மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை.

இவற்றை இணையத்தில் தேடி எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே உயரமும் எடையும் கொண்ட இருவரில் ஒருவருக்கு இன்னும் ஓரளவு சிறுநீர் வெளியேறிக்கொண்டிருக்கலாம், மற்றவருக்கு முற்றிலும் நின்றிருக்கலாம். இருவருடைய திரவ அளவும் பொட்டாசிய அளவும் ஒன்றாக இருக்கவே முடியாது. எழுதிய பக்கத்தின் மேலே தேதியையும் குறியுங்கள். உலர் எடை மாறிக்கொண்டே இருப்பது என்பதால், பழைய எண்ணை வைத்துக்கொண்டு புதிய கணக்குப் போடும் தவறு எளிதில் நேர்ந்துவிடும்.

2. கருவிகளின் இயல்பமைப்புகளை மாற்றுங்கள்

தண்ணீர் குடிக்க நினைவூட்டும் வசதி கைபேசியிலோ கடிகாரத்திலோ இயங்கிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். எடைக் குறைப்பு இலக்கு, அன்றாட கலோரிக் குறைப்பு, உண்ணாநோன்பு நேரக்கணக்கு போன்றவற்றையும் மருத்துவர் சொன்னாலன்றி அணைத்துவிடலாம். நாளுக்கு 10,000 அடிகள் என்ற இலக்கை, நீங்கள் இப்போது இயல்பாக நடக்கும் அளவுக்குச் சற்று மேலே இறக்கி வையுங்கள். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கென்று சில செயலிகள் 'சோடியம் குறைந்த உப்பு' பரிந்துரைக்கும். அத்தகைய மாற்று உப்புகளில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால், டயாலிசிஸ் நோயாளிக்கு அது நேரடியான ஆபத்து.

அடுத்து, எந்தக் கை என்ற கேள்வி. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி செலுத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் அறுவையால் இணைத்த இடம்) அல்லது கிராஃப்ட் (அவ்விரண்டையும் செயற்கைக் குழாயால் இணைத்தது) உள்ள கையில் ஸ்மார்ட்வாட்ச், இரத்த அழுத்தமானியின் பட்டை, சர்க்கரை அளக்கும் உணரி ஆகிய எதையும் பொருத்தக் கூடாது. இறுகிய பட்டை இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் ஃபிஸ்டுலாவுக்குள் இரத்தம் உறைந்து, அந்தப் பாதை அடைபடக்கூடும். தூங்கும்போதும் கடிகாரம் அணிபவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கைமாற்றி அணிந்த பிறகு, எந்தக் கையில் அணிந்திருக்கிறீர்கள் என்பதைக் கடிகாரத்தின் அமைப்பிலும் மாற்றிவிடுங்கள்.

ஃபிஸ்டுலாவைப் பொறுத்தவரை கைபேசி செய்யக்கூடிய பயனுள்ள வேலை ஒன்றே ஒன்றுதான்: காலையும் மாலையும் ஒலிக்கும் ஒரு மணி. அது ஒலிக்கும்போது மற்றக் கையின் விரல்களை ஃபிஸ்டுலாவின் மீது மெதுவாக வைத்து, அங்கே வழக்கமாக உணரப்படும் அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அதிர்வு குறைந்தாலோ காணாமல் போனாலோ, அடுத்த அமர்வு வரை காத்திராமல் உடனே மையத்தைத் தொடர்புகொள்ளுங்கள்.

3. எடை: எல்லாக் கருவிகளிலும் முதன்மையானது

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் எடை இயந்திரத்தையே சொல்வேன். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஓரிரு நாட்களுக்குள் ஏறும் எடையில் பெரும்பகுதி நீர்தான். அதனால் வீட்டில் நிற்கும் எளிய எடை இயந்திரமே உடலில் தேங்கும் நீரின் அளவைக் காட்டும் கருவியாகிவிடுகிறது. நூறு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் இயந்திரம் போதும். அதைக் கடினமான சமதளத் தரையில் ஒரே இடத்தில் வைத்து, காலையில் கழிவறை சென்று வந்தபின், உண்பதற்கு முன், ஏறத்தாழ ஒரே எடையுள்ள ஆடையோடு நின்று பார்க்க வேண்டும். மையத்தில் உள்ள இயந்திரத்துக்கும் வீட்டு இயந்திரத்துக்கும் வேறுபாடு இருக்கலாம். மையத்தில் எடை பார்க்கும் ஒரு நாளில், அதே ஆடையோடு வீட்டிலும் பார்த்து அந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

எடையைப் பதிவு செய்யும் செயலியில் தினசரி எண்ணைவிட முக்கியமானது, கடைசி அமர்வு முடிந்தபோது இருந்த எடைக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வேறுபாடு. பெரும்பாலான செயலிகள் இதைத் தாமாகக் காட்டுவதில்லை. குறிப்பு எழுதும் வசதி இருந்தால் ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் 'அமர்வு முடிவு' என்று குறியுங்கள். இல்லையென்றால் தேதி, எடை, வேறுபாடு என மூன்று பத்திகள் கொண்ட எளிய விரிதாளே போதும். ஆடம்பரமான செயலியைவிட இந்த மூன்று பத்தி விரிதாள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

இந்த வேறுபாட்டின் மீது ஏன் இத்தனை அக்கறை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இயந்திரம் உடலிலிருந்து நீரை எடுக்கும் வேகம், உலர் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 13 மில்லிலிட்டரைத் தாண்டும்போது இதயத்துக்கு ஏற்படும் பாதிப்பும் இறப்பு அபாயமும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலர் எடை 60 கிலோ உள்ளவருக்கு 4 மணி நேர அமர்வில் இந்தக் கணக்குப்படி வருவது 3,120 மில்லிலிட்டர், அதாவது 3 லிட்டருக்குச் சற்று மேல். இது இலக்கு என்று எண்ணிவிட வேண்டாம். எட்டாமல் இருக்க வேண்டிய விளிம்பு. அவர் 4 கிலோ ஏறி வந்தால், அவசரமாக நீரை எடுக்கும்போது இரத்த அழுத்தம் சரிவது, தசைகள் பிடித்துக்கொள்வது, வீடு திரும்பியபின் மணிக்கணக்கில் சோர்ந்து கிடப்பது ஆகிய தொல்லைகள் வரும். அல்லது நீர் முழுதாக எடுக்கப்படாமல் உள்ளேயே தங்கும். மையங்கள் பொதுவாக உலர் எடையில் 4 விழுக்காட்டை ஒட்டிய ஏற்றத்துக்குள் இருக்கச் சொல்வதற்கு இதுவே காரணம். உங்களுக்கான எண் முதல் படியில் எழுதிக்கொண்ட பக்கத்தில் இருக்கும்.

உலர் எடையே மாறுவதையும் கருவி கண்டுபிடித்துவிடாது. பசி குறைந்து தசை கரையும்போது, எடை இயந்திரத்தில் எண் மாறாமல் இருந்தாலும், கரைந்த தசையின் இடத்தில் நீர் வந்து அமர்ந்திருக்கலாம். கணுக்காலில் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுதல், இரத்த அழுத்தம் மெல்ல ஏறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். மாறாக, நன்றாகச் சாப்பிட்டு உடல் தேறிவருபவருக்குப் பழைய உலர் எடை வரை நீரை எடுத்தால் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் வரும். எடையோடு சேர்த்து 'வீக்கம் உண்டு', 'பசி இல்லை', 'பிடிப்பு வந்தது' என்று ஒரு சொல் எழுதி வைக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

உடல் கொழுப்பு, தசை, நீர் ஆகியவற்றின் விழுக்காட்டைக் காட்டுவதாகச் சொல்லும் ஸ்மார்ட் எடை இயந்திரங்களுக்குக் கூடுதல் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அவை உடலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்திக் கணக்கிடுபவை. உடலில் நீர் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு வீட்டு இயந்திரங்களின் அந்தக் கணக்கு நம்பத்தக்கதன்று. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அவ்வசதியைப் பயன்படுத்தவே கூடாது.

4. இரத்த அழுத்தம்

மேற்கையில் பட்டை கட்டும் தானியங்கி இரத்த அழுத்தமானியைத் தேர்ந்தெடுங்கள். துல்லியம் சோதிக்கப்பட்ட கருவிகளின் பட்டியலை ஸ்டிரைட் பிபி போன்ற இணையதளங்கள் வெளியிடுகின்றன. வாங்குவதற்கு முன் கருவியின் மாதிரி எண் அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பட்டையின் அளவு கைக்குப் பொருந்த வேண்டும். சிறிய பட்டை பருத்த கையில் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். பட்டையே இல்லாமல் மணிக்கட்டில் இரத்த அழுத்தம் காட்டும் கடிகாரங்களின் எண்ணை வைத்து எந்த மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஃபிஸ்டுலா இல்லாத கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து, பேசாமல் இரண்டு முறை அளந்து இரண்டையும் பதியுங்கள். டயாலிசிஸுக்குச் சற்று முன்னும் பின்னும் மையத்தில் எடுக்கப்படும் அளவுகள் நீரின் ஏற்ற இறக்கத்தால் பெரிதும் மாறுபடுபவை. இடைப்பட்ட நாட்களில் வீட்டில் காலையும் மாலையும் எடுக்கும் அளவுகளே உண்மை நிலைக்கு நெருக்கமானவை என்பதால் மருத்துவர்கள் அவற்றைப் பெரிதும் மதிக்கிறார்கள். அமர்வு முடிந்து வீடு திரும்பியபின் எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால், உட்கார்ந்தும் நின்றும் ஒவ்வொரு முறை அளந்து, எந்த நிலையில் எடுத்த அளவு என்பதையும் எழுதுங்கள். இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்குத் தானியங்கிக் கருவி பிழை காட்டக்கூடும்; இரண்டு கைகளிலும் அளக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் எங்கே அளப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. திரவமும் உப்பும் உணவும்

திரவக் கணக்குச் செயலிகள் பலரிடம் தோற்றுப்போவதற்குக் காரணம் ஒழுக்கக் குறைவு அன்று. தாகத்தை உண்டாக்கும் உப்பை விட்டுவிட்டு, தாகத்தால் குடிக்கும் நீரை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதே காரணம். உடலில் ஏறத்தாழ 8 கிராம் உப்பு தங்கினால், இரத்தத்தின் சோடிய அடர்த்தியைச் சமநிலையில் வைக்க உடல் ஒரு லிட்டர் நீரைக் கேட்கும். அந்தத் தாகத்தை மன உறுதியால் வெல்வது மிகக் கடினம். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் பதிய முடியும் என்றால் உப்பைப் பதியுங்கள். அமெரிக்கச் சிறுநீரக அறக்கட்டளையின் 2020ஆம் ஆண்டு ஊட்டச்சத்து வழிகாட்டுதல் ஒரு நாளுக்கு 2.3 கிராம் சோடியத்துக்குக் கீழ் இருக்கச் சொல்கிறது. உப்புக் கணக்கில் அது ஏறத்தாழ 6 கிராம். செயலி காட்டுவது சோடியமா உப்பா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் உப்பின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கே சோடியம்.

திரவத்தைக் கணக்கிடுவோர், அறை வெப்பத்தில் நீராக மாறும் எதையும் திரவமாகவே எண்ண வேண்டும். பனிக்கட்டி, குழம்புச்சாறு, மாத்திரை விழுங்கும் நீர் எல்லாம் இதில் அடங்கும். ஒவ்வொரு மிடறையும் தட்டச்சு செய்வதைவிட, நாளின் அளவைக் காலையிலேயே ஒரு புட்டியில் நிரப்பி வைத்துக்கொண்டு, வேறெதையாவது அருந்தும்போது அதே அளவை அதிலிருந்து கொட்டிவிடுவது எளிது. கைபேசியில் நாளின் முடிவில் ஒரே ஓர் எண்ணைப் பதிந்தால் போதும்.

உணவுச் செயலியைத் தேர்வதில் மூன்று சோதனைகள் செய்யலாம். முதலாவது, அது டயாலிசிஸ் செய்பவர்களுக்கானதா, டயாலிசிஸ் நிலைக்கு இன்னும் வராத சிறுநீரக நோயாளிகளுக்கானதா என்று பாருங்கள். இரண்டாம் வகைச் செயலிகள் புரதத்தைக் குறைக்கச் சொல்லும். டயாலிசிஸ் தொடங்கியபின் புரதம் சிகிச்சையின்போது இழக்கப்படுவதால் தேவை உயர்ந்து, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை ஆகிறது. சிறுநீரகத்துக்கு ஏற்றது என்ற பெயரை மட்டும் நம்பிப் பழைய அறிவுரையைத் தொடர்பவர்கள் மெலிந்துபோகிறார்கள். இரண்டாவது, பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் செயலி தனித்தனியே காட்டுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, உங்கள் வீட்டில் அடிக்கடி சமைக்கும் நான்கைந்து உணவுகளைத் தேடிப் பார்த்து, கிடைக்கும் எண்களை உணவியல் நிபுணரிடம் காட்டுங்கள். பல செயலிகளின் தரவு, பயனர்கள் தாமாக உள்ளிட்டது என்பதால் ஒரே உணவுக்குப் பல எண்கள் இருக்கும்.

பாஸ்பரஸில் ஒரு கண்ணி உண்டு. பொதியின் பட்டைக்குறியை வருடினால் செயலி பாஸ்பரஸ் 0 என்று காட்டலாம். உற்பத்தியாளர் அந்த அளவை அச்சிடவில்லை என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்கக்கூடும். பதப்படுத்திய உணவுகளில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளின் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்பட்டுவிடும். பயறுகளிலும் முழுத் தானியங்களிலும் இயற்கையாக உள்ளது அந்த அளவுக்கு உறிஞ்சப்படுவதில்லை. எனவே எண்ணைப் பாராமல் சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள்: 'பாஸ்பேட்' என்ற சொல்லோ, 338 முதல் 343 வரையோ 450 முதல் 452 வரையோ உள்ள சேர்க்கை எண்களோ தென்பட்டால், செயலி எதைச் சொன்னாலும் அந்தப் பொதியை வைத்துவிடலாம்.

எல்லா வேளைகளையும் ஆண்டு முழுவதும் பதிய வேண்டிய தேவை இல்லை. ஒரு டயாலிசிஸ் நாள், ஒரு சாதாரண நாள், ஒரு விடுமுறை நாள் என மூன்று நாட்களை நேர்மையாகப் பதிந்து, இரத்தப் பரிசோதனை முடிவு வரும் வாரத்தில் உணவியல் நிபுணரிடம் காட்டினால் அவருக்குத் தேவையானது கிடைத்துவிடும். உணவின் படங்களையே எடுத்து வைப்பதும் போதுமானது.

6. மாத்திரை நினைவூட்டிகள்

டயாலிசிஸ் நோயாளியின் மருந்துப் பட்டியல் பெரும்பாலும் நீளமானது. ஒவ்வொரு மருந்துக்கும் நேரம் வேறு. பாஸ்பேட்டைப் பிணைக்கும் மாத்திரைகள் உணவோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்பதால், காலை 8 மணிக்கு ஒலிக்கும் மணியால் பயனில்லை, நீங்கள் உண்பது 9 மணிக்கு என்றால். அந்த மாத்திரைக்கு நேரத்தை வைக்காமல் உணவை வையுங்கள். வெளியே செல்லும்போது கைபேசி உறைக்குள் ஒரு வேளைக்கானது இருக்கட்டும். நீரில் கரையும் வைட்டமின்கள் டயாலிசிஸில் வெளியேறிவிடுவதால் அமர்வுக்குப் பின் எடுக்கச் சொல்வார்கள். இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றை அமர்வுக்கு முன் நிறுத்தி வைக்கச் சொல்வதும் உண்டு. ஆகவே வாரத்தின் வெவ்வேறு நாட்களுக்கு வெவ்வேறு அட்டவணை வைக்க அனுமதிக்கும் செயலியையே தேர்ந்தெடுங்கள். தவறவிட்ட வேளையை மறைக்காமல் 'எடுக்கவில்லை' என்றே பதியுங்கள். பாஸ்பரஸ் ஏன் உயர்ந்தது என்று மருத்துவர் கேட்கும்போது, அளவைக் கூட்டுவதா நேரத்தை மாற்றுவதா என்ற முடிவு அந்தப் பதிவில்தான் இருக்கிறது.

புதிய மருந்தைப் பட்டியலில் சேர்க்கும்போது, அதுவும் வலி நிவாரணியோ வயிற்றுக்கான மருந்தோ மூலிகைப் பொடியோ எனில், சேர்ப்பதற்கு முன் மையத்தில் கேளுங்கள். செயலியின் 'எதிர்வினை எச்சரிக்கை' வசதி சிறுநீரகச் செயலிழப்பைக் கணக்கில் கொள்ளாமல் இருக்கலாம்.

7. ஆய்வக முடிவுகள்

மையம் நோயாளிகளுக்கான இணையவாசல் வைத்திருந்தால் அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். இல்லையெனில் முடிவுத்தாளைப் படம் எடுத்து ஒரே கோப்புறையில் தேதியிட்டு வையுங்கள். தனி எண்ணைவிட, கடந்த ஆறு மாதங்களில் அது நகர்ந்த திசை பயனுள்ளது. வாரம் 3 முறை ஹீமோடயாலிசிஸ் செய்பவருக்கு ஓர் அமர்வின் போதுமான தன்மையைக் காட்டும் கேடி/வி எண் குறைந்தது 1.2 இருக்க வேண்டும், இலக்கு 1.4, ஓர் அமர்வில் இரத்தத்தின் யூரியா எவ்வளவு குறைந்தது என்று காட்டும் யூரியா குறைப்பு விகிதம் 65 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இந்த எண் சரிந்தால், அமர்வை முன்னதாக முடித்துக்கொண்ட நாட்கள் எத்தனை என்பதை உங்கள் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இணையவாசலில் சிவப்பு நிறத்தில் காட்டப்படும் எல்லா எண்களும் கவலைக்குரியவை அல்ல. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியேட்டினின் எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும்.

8. நீரிழிவு உள்ளவர்களும் பெரிட்டோனியல் டயாலிசிஸ் செய்பவர்களும்

சிறுநீரகம் செயலிழக்கும்போது இன்சுலின் உடலில் நீண்ட நேரம் தங்குவதால், சர்க்கரை திடீரெனக் குறையும் ஆபத்து கூடுகிறது. இரத்தச் சோகையும் அதற்கான ஊசியும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவைப் பாதிப்பதால் அந்த ஒற்றை எண்ணையும் முழுமையாக நம்ப முடியாது. தொடர்ந்து சர்க்கரையை அளக்கும் உணரிகள் இவர்களுக்குப் பயன்படலாம். மருத்துவரின் ஆலோசனையோடு, ஃபிஸ்டுலா இல்லாத பக்கத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும்.

வயிற்றறைக்குள் குழாய் வழியே கரைசலை நிரப்பி வடித்து இரத்தத்தைச் சுத்திகரிக்கும் பெரிட்டோனியல் டயாலிசிஸில், ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற கரைசலைப் பயன்படுத்துவோர் இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். அக்கரைசல் உடலில் மால்டோஸாக உடைகிறது. ஜிடிஎச்–பிக்யூக்யூ என்ற முறையில் இயங்கும் சில சர்க்கரைமானிகள் அந்த மால்டோஸைக் குளுக்கோஸ் என்று எண்ணி, உண்மையைவிட மிக உயர்ந்த எண்ணைக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டியதால் உயிரிழப்புகள் நேர்ந்ததை அடுத்து, 2009இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கரைசலை நிறுத்திய பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு இந்தக் குழப்பம் நீடிக்கலாம். உங்கள் கருவியும் அதன் பட்டைகளும் எந்த முறையைச் சேர்ந்தவை என்பதை மையத்தில் உறுதிசெய்யுங்கள். வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தால் அங்குள்ளவர்களிடமும் சொல்லுங்கள்.

இரவில் கரைசலைத் தானாக நிரப்பி வடிக்கும் சைக்கிளர் இயந்திரம் பயன்படுத்துவோருக்கு, சிகிச்சைத் தரவை இணையம் வழியே மையத்துக்கு அனுப்பும் வசதி சில இயந்திரங்களில் உண்டு; பாக்ஸ்டர் நிறுவனம் உருவாக்கிய ஷேர்சோர்ஸ் அத்தகையது. அதன் மூலம் செவிலியர் எத்தனை நீர் வெளியேறியது, எங்கே தடை வந்தது என்பதை நீங்கள் மையத்துக்குப் போகாமலே காண முடியும். ஆனால் இயந்திரம் பார்க்காத ஒன்றை நீங்கள் பார்க்க வேண்டும்: வெளியேறிய திரவத்தின் தெளிவு. பையை அச்சிட்ட தாளின் மீது வைத்து, எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். கலங்கியிருந்தால் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து உடனே மையத்துக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசியிலும் அழையுங்கள். வயிற்றறைத் தொற்றில் சில மணி நேரத் தாமதமும் பெரியது. குழாய் வெளிவரும் இடத்தை வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வைத்தால், சிவப்போ கசிவோ தொடங்குவது எளிதில் தெரியும்.

9. நடையும் தூக்கமும்

டயாலிசிஸ் நாளில் அடிகளின் எண்ணிக்கை குறைவது இயல்பு. இடைநாட்களின் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கடிகாரத்தின் துடிப்பு இலக்குகள் பொருந்தா. நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பது அவர்களுக்கு நம்பகமான அளவுகோல். சிறுநீரக நோயாளிகளுக்கென்றே பிரிட்டனில் தொடங்கப்பட்ட கிட்னி பீம் போன்ற இணையவழிப் பயிற்சித் தளங்களும் உள்ளன. அதை 12 வாரம் பயன்படுத்தியவர்களின் மனநலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் மேம்பட்டதை ஓர் ஆய்வு காட்டியது. கடிகாரம் காட்டும் தூக்கத்தின் கட்டங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது, குறட்டையோடு மூச்சு நின்று திரும்புவது ஆகியவை டயாலிசிஸ் நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுபவை. அவை இருந்தால் எண்களுக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

10. பதிவுகளைச் சிகிச்சைக் குழுவிடம் சேர்த்தல்

யாரும் பார்க்காத பதிவால் பயனில்லை. எதை, எந்த வடிவில், எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்பினால் படிப்பார்கள் என்று மையத்தில் நேரடியாகக் கேளுங்கள். கைபேசித் திரையை எடுத்த ஐம்பது படங்களை அனுப்புவதைவிட, இரண்டு வாரத்து எடை ஏற்றம், இரத்த அழுத்தம், தவறிய மாத்திரைகள், ஒரே ஒரு கேள்வி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தருவது பெரும்பாலும் பதில் பெற்றுத்தரும். காணொளி வழி ஆலோசனைக்கு முன் எடையையும் அழுத்தத்தையும் அளந்து, மருந்துப் பைகளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பராமரிக்கும் குடும்பத்தினர் ஒருவருக்குச் செயலியைப் பார்க்கும் அனுமதி தரலாம். எதைப் பார்க்கலாம் என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும், இல்லாவிட்டால் கருவி வீட்டில் கண்காணிப்பாளராக மாறிவிடும். கைபேசிக்குக் கடவுச்சொல் இடுவதும், தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் காரணமின்றிக் கேட்கும் செயலிகளை நீக்குவதும் கட்டாயம்.

செய்திக் குழுக்களிலும் உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிலும் கிடைக்கும் உணவு அறிவுரைகளை மையத்தில் சரிபார்க்காமல் பின்பற்ற வேண்டாம். ஆரோக்கியமானவர்கள் அச்சமின்றி உண்ணும் நட்சத்திரப் பழம், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தீராத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றையும் மரணத்தையும்கூட உண்டாக்கியிருக்கிறது; பழங்கள் எல்லாம் நல்லவை என்று சொல்லும் பொது அறிவுரைக்கு இது தெரியாது.

11. பூட்டுத் திரையில் அவசரத் தகவல்

ஐஃபோனில் உடல்நலச் செயலிக்குள்ளும், ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பாதுகாப்பு அல்லது அவசரத் தகவல் பகுதியிலும், கடவுச்சொல் இல்லாமலே பிறர் படிக்கக்கூடிய மருத்துவக் குறிப்பை எழுதலாம். டயாலிசிஸ் நோயாளி என்பது, எந்த வகை, எந்தெந்த நாட்கள், எந்தக் கையில் ஊசியோ அழுத்தப் பட்டையோ கூடாது, உலர் எடை, ஒவ்வாமைகள், மையத்தின் தொலைபேசி எண், அழைக்க வேண்டிய உறவினர் ஆகியவற்றை இன்றே அதில் எழுதுங்கள். எழுதியபின் கைபேசியைப் பூட்டி, வீட்டிலுள்ள வேறொருவரிடம் கொடுத்து அந்தக் குறிப்பை அவரால் திறக்க முடிகிறதா என்று சோதியுங்கள்.

மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, திடீர்த் தசைத் தளர்ச்சி, ஒழுங்கற்ற படபடப்பு, ஃபிஸ்டுலாவிலிருந்து நிற்காத இரத்தப்போக்கு, டயாலிசிஸுக்கான குழாய் பொருத்தியவர்களுக்குக் குளிரோடு கூடிய காய்ச்சல் ஆகியவை வந்தால் எந்தச் செயலியையும் திறக்காதீர்கள். கடிகாரத்தின் ஈசிஜி இதயத்தின் மின்னியக்கத்தை ஒரே கோணத்திலிருந்து மட்டும் பதிவது. அது சீராக இருப்பதாகச் சொன்னாலும் மாரடைப்பையோ பொட்டாசியம் உயர்ந்திருப்பதையோ மறுத்துவிட முடியாது. இரத்தம் வழிந்தால் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவசர உதவி எண்ணை அழைக்க அருகில் இருப்பவரிடம் கைபேசியைக் கொடுங்கள்.